நூலோம்பும் அறமும் அரசின் கடனும்

திருவருளால் நிகழும் இவ்விழாவுக்கு மலர் ஒன்று தொகுக்கிறோம், நூல் வெளியீட்டுக்கு அரசு செய்யவேண்டிய துணையைப் பற்றி எழுதித் தருக என்று விழாக்குழு அன்பர்கள் பணித்தார்கள். மணிமுத்தாற்றங்கரை நல்லூரில் வில்வவனேசுவரர் திருவடி நிழலில் வாழும் அடியேனுக்கு இது பெரும்பேறு. தலப்பெருமையும் தீர்த்தப்பெருமையும் இம்மலரின் வாசகர்கள் அறிந்தவையே. ஆதலால் பொருளுக்கு வருகிறேன்.

வித்தியாதானம்

நூலைப் பெருக்குவது வாணிகம் மட்டுமன்று, சிவபுண்ணியம் என்று சாத்திரம் கூறும். இதை விரிவாகப் பேசுவது சிவதருமோத்தரம். வடமொழியிலிருந்த இந்நூலை 16ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த மறைஞான சம்பந்தர் தமிழ்ச் செய்யுளாக்கினார். கொடைகளுள் கல்விக்கொடையை மிக உயர்த்திப் பேசி, அதைச் செய்யும் முறையையும் இந்நூல் வகுத்துத் தருகிறது. தூய இடம் ஒன்றைத் தேர்ந்து அலங்கரிக்க வேண்டும். மூலச்சுவடியையும் எழுதப்படும் புதுச்சுவடியையும் பூசிக்க வேண்டும். நல்லெழுத்து எழுதவல்லானைச் சிறப்புச் செய்து அமர்த்தவேண்டும். எழுதி முடித்து, மூலத்தோடு ஒப்பு நோக்கிப் பிழை நீக்கிய பின், சுவடியை விமானத்தில் ஏற்றி, குடை கொடிகளோடு சிவாலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே அது மக்கள் கேட்க வாசிக்கப்படும். இந்தக் கொடையில் அரசனுக்கும் பங்கு உண்டு. அதனால் நாட்டுக்கே சாந்தி விளையும் என்பது நூலின் துணிபு.

இவ்விதியை ஊன்றிப் படிப்பவர் நூல் வெளியீட்டுத் தொழிலின் எல்லா உறுப்புகளையும் அதில் காணலாம். எழுதுவோனுக்கு ஊதியம், பிழைதிருத்தம், வெளியீட்டு விழா, பொதுவாசிப்பு, புரவலர் ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. அச்சுப்பொறி ஒன்றுதான் இல்லை. சிதம்பரம் கோயில் கல்வெட்டு குறிப்பிடும் சரசுவதி பண்டாரம், இவ்விதி ஏட்டோடு நிற்காமல் நம் கடலூர் மாவட்டத்தில் நடைமுறையில் இருந்தமைக்குச் சான்று. சுவடிகளைக் காக்கவும் படியெடுக்கவும் அங்கே ஆட்கள் அமர்த்தப்பட்டிருந்தனர்.

திருமுறை கண்ட வரலாறு

இன்று எந்த அரசு எந்த நூல்திட்டம் வகுத்தாலும், அதற்கு முன்மாதிரியாக அடியேன் கொள்வது திருமுறை கண்ட புராணத்தை. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் இச்சிறுநூலின் கதையைச் சைவர் வீடுகளில் குழந்தையும் அறியும். ஆயினும் அதில் யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்ப்பவர் சிலரே.

சோழமன்னனுக்குத் தேவாரம் கேட்க ஆசை பிறந்தது. அந்த வேந்தன் முதலாம் இராசராசனே என்பது வழிவழி வந்த கொள்கை. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியை நாடினான். அவ்வூர்ப் பொல்லாப்பிள்ளையார் அருளால் ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் இருப்பதை நம்பி அறிந்து சொன்னார். பாடிய மூவரும் வந்தாலன்றித் திறக்க இயலாது என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான். உள்ளே ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுக்கக் கிடைத்தது ஒரு பகுதியே.

அரசன் செய்தது பூட்டிய கதவைத் திறந்ததும் பொருள் செலவிட்டதும். பதிகம் எதையும் அவன் தேர்ந்தெடுக்கவில்லை, திருத்தவும் இல்லை. தொகுத்து முறைப்படுத்தியவர் நம்பி. அதோடும் பணி முடியவில்லை. பண் மறைந்துபோயிருந்தது. அதை மீட்டுத் தந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணி. அவர் ஊர் திருஎருக்கத்தம்புலியூர், அதாவது நம் விருத்தாசலத்துக்கு அண்மையிலுள்ள இராசேந்திரப்பட்டினம்! திருநாரையூரும் தில்லையும் எருக்கத்தம்புலியூரும் இன்றைய கடலூர் மாவட்டத்துக்குள் அடங்குவதை எண்ணுந்தோறும் நெஞ்சு விம்முகிறது. தமிழ்ச் சைவத்தின் மிகப்பெரிய நூல்வெளியீடு இம்மண்ணில்தான் நிகழ்ந்தது.

அரசு கதவைத் திறக்கவேண்டும், புலவர் தொகுக்கவேண்டும், மக்கள் வாயில் அது ஒலிக்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நூல் வாழாது. இக்கட்டுரையில் அடியேன் சொல்ல வந்தது இதுவே.

அச்சேறிய நூற்றாண்டு

அச்சு வந்தபின் புரவலர் மாறினர். தமிழ் எழுத்தில் முதல் அச்சுநூலான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். திருக்குறள் அச்சேறியது 1812இல். அதே ஆண்டில் தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்துக்கு ஊக்கம் தந்தவர் எல்லீசர் என்று தமிழர் அழைத்த எல்லிஸ். அரசின் பணத்தில் தமிழ் நூல் அச்சிடும் வழக்கத்தை அச்சங்கம் வளர்த்தது. அச்சகங்களுக்கு இருந்த கட்டுப்பாட்டை 1835இல் தற்காலிகத் தலைமை ஆளுநர் மெட்காஃப் நீக்கிய பிறகே நம்மவர் தடையின்றி அச்சகம் நிறுவினர். பணம் கொடுக்காமலே, தடையை அகற்றுவதாலும் அரசு நூலை வளர்க்கலாம் என்பதற்கு இது சான்று.

நம் ஊரின் பெயரையே கொண்ட யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் அவதரித்தவர் ஆறுமுக நாவலர் பெருமான். அவர் 1849இல் தமிழகம் வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்று, வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். சென்னையிலும் அச்சகம் நடத்தினார். அவர் பதிப்பு என்றாலே பிழையற்ற பதிப்பு என்று புலவர் உலகம் போற்றியது. இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் பொருளுதவியால் திருக்கோவையார் உரை 1860இலும், திருக்குறள் பரிமேலழகர் உரை 1861இலும் அவர் கையால் வெளிவந்தன. தேவரின் மைந்தர் பாண்டித்துரைத் தேவரோ 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்டார். இந்தச் சேதுநாட்டாரின் கொடை இல்லையேல் நம் நூலகங்களில் எத்தனை வரிசைகள் வெறுமையாக இருந்திருக்கும்!

சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகிய இருவரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்க உழைத்ததைத் தமிழர் அறிவர். ஐயரவர்கள் 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன் ஊர் ஊராக அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். இன்று நூலகத்துறை படிகள் வாங்க இடும் நூலக ஆணையைப் போல, நூல் வருமுன்னே வாங்குவதாக வாக்களித்த அன்பர்களே அன்று துணைநின்றனர். நம் மாவட்டத்து மருதூரில் அவதரித்த வள்ளற்பெருமானின் பாடல்களை அச்சிட விரும்பினார் இறுக்கம் இரத்தின முதலியார். சுவடிகள் வந்து சேரும்வரை நாளுக்கு ஒருவேளையே உண்பதாக அவர் நோன்பிருந்தார். அந்த அன்புக்கு வள்ளலார் இசைந்ததால் 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவை வெளியிட முடிந்தது. நூலுக்காக நோன்பிருந்த மரபு நம்முடையது.

குடியரசின் கொடை

நூல்களைப் புரந்த சமீன்தார்கள் மறைந்தனர். அவர்கள் இடத்தில் மக்களாட்சி வந்து நின்றது. அது செய்த நற்பணிகளை நன்றியோடு நினைவுகூர்வோம்.

முதற்பணி நூலகச் சட்டம். சீர்காழி தந்த நூலக மேதை எஸ்.ஆர். அரங்கநாதனின் விடாமுயற்சியாலும், கல்வியமைச்சராயிருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் உறுதியாலும் 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதற்சட்டம். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. இன்று அது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நல்லூரில் கூரைவீட்டுக்காரர் கட்டும் வரியிலும் ஒரு புத்தகத்தின் சில பக்கங்கள் இருக்கின்றன.

அதே அவினாசிலிங்கனார் 1946இல் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், அரசுகளின் நிதியுதவியோடு பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தை 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. இத்தகைய பெரும்பணி எந்தத் தனிப் பதிப்பாளர் கைக்கும் அடங்குவதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கிப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. பாரதி பாடல் மலிவுப்பதிப்பாக ஏழை வீட்டுக்கும் வந்தது அதன்பின்தான். நம் விருத்தாசலத்தின் பெயரைத் தாங்கிய சொ. விருத்தாசலம், அதாவது புதுமைப்பித்தன் எழுத்துகளும் இவ்வாறே நாட்டுடைமையாயின.

மத்திய அரசின் சாகித்திய அகாதெமி 1954இலும் நேஷனல் புக் டிரஸ்ட் 1957இலும் தோன்றின. நம் மாநில அரசின் பாடநூல் கழகம் 1970இல் அமைந்தது. புகளூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் ஆலைக்கென 1979இல் அரசு ஒரு நிறுமம் கண்டது. நெய்வேலியில் பொதுத்துறை நிறுவனம் 1998 முதல் நடத்திவரும் புத்தகக் கண்காட்சியால் நம் பகுதிப் பிள்ளைகள் சென்னை செல்லாமலே புத்தகக் கடலைக் கண்டார்கள். 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் மொழிபெயர்ப்பு நல்கையும் தமிழ் நூல் பிறநாட்டு மொழிகளுக்குச் செல்ல வழி திறந்துள்ளன.

சூளை தந்த பாடம்

அரசின் துணைகளுள் பதிப்பாளருக்கு உயிர்நாடி நூலக ஆணையே. தலைப்புக்குச் சில நூறு படிகளை நூலகத்துறை வாங்கிக்கொண்டால் கவிதை, ஆய்வு, அறிவியல் நூல்களையும் துணிந்து அச்சிடலாம். ஆனால் பக்கம் பதினாறு கொண்ட பாரத்துக்கு இவ்வளவு என்று விலை வகுத்த முறையில், காகித விலை ஏறியும் தொகை ஏறாமல் பதிப்பாளர் நலிந்தனர். ஆணை வராத ஆண்டுகளில் அச்சிட்ட படிகள் கிடங்கில் தங்கின. புத்தகத்துக்குச் சரக்கு சேவை வரி இல்லை. காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு, அச்சுமை பதிப்பாளர் தலையில்தான் விழுகிறது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்களே வாழும் நார்வே நாடு, தன் மொழி இலக்கியத்தை அரசே வாங்கி நூலகங்களுக்கு வழங்கும் திட்டத்தை 1965 முதல் இடைவிடாது நடத்திவருகிறது. ஏழுகோடிக்கு மேற்பட்டோர் வாழும் நம் மாநிலத்தால் இது இயலாததா?

வழிக்காக வெகுதொலைவு போகவேண்டா. விருத்தாசலம் பீங்கான் நகரான விதத்தைப் பாருங்கள். சிறு பட்டறைக்காரர் தனியே சூளை கட்ட இயலாத காலத்தில் அரசு தொழிற்பேட்டை அமைத்தது, பொதுச்சூளை தந்தது, பயிலகம் திறந்தது. எந்தப் பொம்மை செய்வது என்பதை மட்டும் தொழிலாளியின் கைக்கே விட்டது. நூலுக்கும் அதுவே நெறி. கொள்முதல் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கட்டும். விலை, காகித விலையோடு சேர்ந்து நகரட்டும். தேர்வுக்குழு கற்றோரால் அமையட்டும், தேர்வின் காரணம் எல்லோரும் காண வெளியாகட்டும். கலைக்களஞ்சியம், அகராதி, அரிய சுவடிப் பதிப்பு, மருத்துவ, பொறியியல் நூல்கள் ஆகியவற்றின் செலவை அரசே ஏற்கட்டும். என்ன எழுதவேண்டும் என்பதில் மட்டும் அது தலையிட வேண்டா. இராசராசன் பதிகத்தைத் திருத்தவில்லை!

நம் கடன்

அரசின் கடனைச் சொன்னோம். எருக்கத்தம்புலியூர்ப் பெண்மணியின் பங்கு நம்முடையது. இப்பகுதியின் மண்ணையும் மக்கள் பேச்சையும் எழுதிய இமையத்துக்கு 2020ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் நூல்களை நம்மில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினோம்? 2006க்குப் பின் ஊராட்சிதோறும் அமைத்த நூலகங்கள் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கின்றன. கறையானுக்கு அரசு நூலகம் என்றும் தில்லை அறை என்றும் வேற்றுமை தெரியாது.

அன்பர்களே, ஊராட்சி மன்றத்தில் எழுந்து நின்று நூலகச் சாவியைக் கேளுங்கள். திருமணத்திலும் காதணி விழாவிலும் தாம்பூலப் பையில் ஒரு நூலை வையுங்கள். குடமுழுக்கு நடத்தும் கைகள் ஆண்டுக்கொரு நூலை அச்சிட்டுக் கோயிலில் வைத்துப் படிக்கச் செய்யட்டும். சிவதருமோத்தரம் விதித்த வித்தியாதானத்தை நல்லூர் மீண்டும் தொடங்கட்டும். நாம் வாசிக்கும் ஊராக நின்று கேட்டால், அரசு மறுக்க இயலாது. விழா சிறக்க, நூல்கள் பெருக, வில்வவனப் பெருமான் திருவருள் முன்னின்று காக்க!