வடசென்னை உலாவிடங்கள்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் பகுதியில் மக்கள் ஓய்வுக்காகச் சென்றுவரும் கடற்கரைகள், கோயில்கள், பூங்காக்கள், கழிமுகம் ஆகியவையும், அங்கிருந்து ஒருநாள் பயணமாகப் போய்வரும் பழவேற்காடு, பூண்டி போன்ற இடங்களும் வடசென்னை உலாவிடங்களில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை பொழுதுபோக்குக்காகவே உருவாக்கப்பட்டவை அல்ல. மீன் ஏலக்கூடமும் படகுத்துறையும் உப்பளக்கரையும் உழைக்கும் இடங்களாக இருந்துகொண்டே மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உலாவிடங்களாகின்றன. உழைப்பும் ஓய்வும் ஒரே கரையைப் பகிர்ந்துகொள்வதே இப்பகுதியின் தனித்தன்மை.

நிலமும் நீரும்

கிழக்கே வங்கக்கடல், அதற்கு இணையாக, சற்று உள்ளே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆறு. ஆறும் கால்வாயும் கூடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கின்றன. முகத்துவாரத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தீவும், அதற்கு அப்பால் பழவேற்காடு ஏரியும் உள்ளன. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடும் ஒரே நீர்த்தொடரின் இரு முனைகள். ஒன்றில் நடப்பது மற்றொன்றையும் பாதிக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் இக்கரையின் உருவமே மாறியது. இக்கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும். சுவர்கள் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் மணலை இழந்தன. கடலரிப்பில் வீடுகளும் தெருக்களும் போயின. அதைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. பின்னர் தூண்டில் வளைவுகள் அமைக்கப்பட்டன. சென்னையின் புகழ்பெற்ற கடற்கரை பெற்ற மணலில் ஒரு பங்கு வடசென்னை இழந்தது என்பதை இக்கரையைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கலாகாது.

வரலாறு

எண்ணூர் ஒரு காலத்தில் சென்னைவாசிகளின் பெயர்பெற்ற ஓய்விடம். ஆங்கிலேயர் ஆட்சியில் நகரத்து ஐரோப்பியர் உப்பங்கழியில் படகு விடவும் மீன்பிடிக்கவும் இங்கு வந்தனர். கரையில் பங்களாக்கள் கட்டிக்கொண்டனர். பேசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டிய, 1806இல் சென்னையையும் எண்ணூரையும் இணைத்த கால்வாய் சரக்குப் பாதையாகவும் பயணப் பாதையாகவும் பயன்பட்டது. 1870களின் இறுதியில், பஞ்சத்தை ஒட்டி நடந்த விரிவாக்கத்துக்குப் பின் அது பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. உப்பும் விறகும் அதில் படகுகளில் வந்தன.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண்கள் நிற்கும் அந்த நிலையக் கட்டடம் இன்றும் உள்ளது. 20ஆம் நூற்றாண்டில் வாகன ஆலைகள், அனல்மின் நிலையங்கள், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் என அடுத்தடுத்து வந்தன. அத்துறைமுகமே இன்றைய காமராஜர் துறைமுகம். ஓய்விடமாக இருந்த ஊர் நகரத்தின் எரிசக்திக் களமாயிற்று.

கடற்கரையும் மீன்பிடித் துறைமுகமும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இப்பகுதியில் அதிகம் பேர் தேடிவரும் இடம். விடியலுக்கு வெகு முன்பே விசைப்படகுகள் கரை சேரத் தொடங்குகின்றன. விளக்கொளியில் மீன் இறங்கும். ஏலம் விடுபவரின் குரல் தொகையை ஏற்றிக்கொண்டே போகும். பெரிய வியாபாரிகள் கூடைகூடையாக எடுத்தபின், மிச்சம் தரையில் கூறுகூறாகப் பரப்பப்படும். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, பாறை, கடம்பா, நெத்திலி, இறால், நண்டு எனக் கிடைப்பதைப் பார்த்து மக்கள் பேரம் பேசுவார்கள். வாங்கிய மீனைக் கூலிக்குக் கழுவி வெட்டிக் கொடுக்கும் பெண்கள் அரிவாள்மணையுடன் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். ஞாயிறு காலையில் குடும்பம் குடும்பமாக வருவோருக்கு மீன் வாங்குவது பாதி வேலை என்றால், வேடிக்கை பார்ப்பது மறுபாதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீனே கிடைக்கும், விலையும் ஏறும்.

துறைமுகத்தை ஒட்டிய கரை, அருகிலுள்ள காவல் நிலையத்தின் குறியீட்டால் ‘என்4 பீச்’ எனப்படுகிறது. மாலையில் இளைஞர்கள் இங்கே கூடிக் கற்களின்மேல் அமர்ந்து, நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்களைப் பார்ப்பது வழக்கம். பாசி படிந்த கற்கள் வழுக்கும். கற்சுவரை ஒட்டிய கடல் ஆழமும் இழுப்பும் உடையது. இக்கரை குளிப்பதற்கு உகந்தது அன்று.

கோயில் உலா

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் தேவார மூவரின் பாடல் பெற்ற தலம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் திருமேனியை, கார்த்திகை முழுநிலவை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமின்றித் தரிசிக்கலாம். அந்நாள்களில் வரிசை தெருவரை நீளும். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த கதையோடு சேர்த்துப் போற்றப்படும் மகிழமரமும் இக்கோயிலில் உண்டு. வடிவுடையம்மன் சன்னதிக்கு வெள்ளிக்கிழமைகளில் பெருங்கூட்டம் வரும். வெள்ளியும் முழுநிலவும் கூடும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வடசென்னைப் பெண்களிடையே ஊன்றிய வழக்கம். வழிபாடும் வெளியூர்ப் பயணமும் ஒன்றாகும் நாள் அது.

பட்டினத்தார் சமாதிக் கோயில் கடலோரத்திலேயே உள்ளது. அருகிலுள்ள காலடிப்பேட்டை, ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்பு. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அக்காலத்தோடு தொடர்புடையது. இராயபுரத்தில் படகுத் தொழிலாளர்கள் எழுப்பிய புனித இராயப்பர் தேவாலயமும், 1910இல் அமைந்த பார்சிகளின் அக்கினிக் கோயிலும் இத்துறைமுகம் பல சமயத்தாரையும் ஈர்த்ததற்குச் சான்றுகள்.

பூங்கா, தெரு, தீனி

இராயபுரம் ராபின்சன் பூங்கா, இன்றைய அறிஞர் அண்ணா பூங்கா, 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். காலையில் நடைப்பயிற்சிக்கும் மாலையில் பிள்ளைகள் விளையாடவும் உதவும் சில பசுமைவெளிகளில் அதுவும் ஒன்று. பூங்காக்கள் குறைவு என்பதால் தெருவே விளையாட்டரங்கு. மின்விளக்கைத் தாழத் தொங்கவிட்டு ஆடும் கேரம், சந்துக் கிரிக்கெட், வியாசர்பாடியின் கால்பந்து, சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் பரம்பரைகளின் வழிவந்த குத்துச்சண்டை ஆகியவை இவ்வட்டாரத்தின் பொழுதுபோக்குகள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுப்பதும் ஓர் உலாவே. அப்படிப் போகிறவர்கள் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவையும் வழியில் ஒரு கை பார்ப்பார்கள்.

எண்ணூர்க் கழிமுகம்

முகத்துவாரக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய மீனவ ஊர்களை ஒட்டி ஆறு கடலைத் தொடும் இடம், மணல்திட்டும் அகன்ற நீர்ப்பரப்பும் கூடியது. கண்டல் புதர்களுக்கிடையே கொக்கும் நாரையும் இரை தேடும், குளிர்காலத்தில் உள்ளான்கள் வரும், கூழைக்கடாக்களையும் காணலாம். இறால், நண்டு, மடவை ஆகியவை இங்கு வளர்கின்றன. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, ஓலையால் முடைந்த பறியைப் பற்களில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். நீரின் வெப்பத்தையும் சேற்றின் இளக்கத்தையும் விரல்நுனியால் அறியும் அவர்களே இக்கழியின் முதல் அறிஞர்கள். இங்கு வருவோர் வலைகளையும் காயும் மீனையும் மிதிக்காமல் நடப்பதும், கேட்டுவிட்டுப் படம் எடுப்பதும் முறை.

ஒருநாள் பயணங்கள்

பழவேற்காடு: சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கி.மீ. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அக்டோபருக்குப் பின் பூநாரைகள் கூட்டமாக வரும். ஆழமற்ற நீரில் அலகைத் தலைகீழாக நுழைத்து அவை இரை அரிப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களும், வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டமும் வரலாற்று ஆர்வலர்களை ஈர்க்கின்றன. இங்குள்ள பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகள் பெயர்பெற்றவை. 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர்காப்பு உடையும் உரிய அனுமதியும் இல்லாத படகில் ஏறவே கூடாது.

பூண்டி: கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் முடிந்த சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கமும், தொல்பழங்கால அகழ்வைப்பகமும் இங்குள்ளன. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். குடியம் குகைகளுக்குக் காட்டுவழி நடை. துணையின்றிச் செல்வது நல்லதல்ல.

புழல், சோழவரம்: குடிநீர் ஏரிகள், கரையோரக் காற்றும் பறவைகளுமே இங்கு ஈர்ப்பு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் வாகனப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் வந்தபின் அக்காலம் முடிந்தது.

போக்குவரத்து

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை நீண்டது. கும்மிடிப்பூண்டி புறநகர் ரயில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியே செல்கிறது. பழவேற்காட்டுக்குப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிப்பது எளிது. பறவை பார்க்க டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

சூழல் நெருக்கடி

அனல்மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்து நீர்வழியை மேடாக்கியுள்ளது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், எர்ணாவூர்க் கரையில் அப்பியது. வாளிகளால் அதை அள்ள வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், படகுகளையும் வலைகளையும் கூழைக்கடாக்களின் இறகுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் பெரியகுப்பம் அருகே அம்மோனியா கசிந்து மக்கள் இரவோடு இரவாக வெளியேறினர். 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடி எண்ணூரில் படமாக்கப்பட்ட ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ கழிமுகத்தின் நிலையைத் தொலைதூரத்துக்குக் கொண்டுசென்றது. மீனவர்களின் நீண்ட போராட்டமும் வழக்குகளும் சேர்ந்து மீட்புப் பணிகளுக்கு வழிவகுத்தன.

துறைமுகமும் இயற்கையும் அருகருகே வாழ முடியும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் முன்னுதாரணங்கள் உள்ளன. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குள்ளேயே ஒரு கண்டல் காடு காக்கப்படுகிறது; நைஜீரியாவின் லாகோஸ் பெருநகரில் சதுப்புக்காட்டின்மேல் மரப்பாலத்தில் மக்கள் நடக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்த வடசென்னை வளர்ச்சித் திட்டம் இப்பகுதியின் நெடுநாள் புறக்கணிப்பை ஈடுசெய்யும் முயற்சி. நடைபாதையும் இருக்கையும் வேண்டியவையே. ஆனால் மீனவர் படகு ஏற்றும் இடத்தையும் வலை உலர்த்தும் மணலையும் அவை விழுங்கிவிடக் கூடாது. கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் சேர்வதை நிறுத்துவதே இக்கரைக்குச் செய்யக்கூடிய முதல் அழகுபடுத்தல். நீர் தெளிந்தால் இறாலும் பறவையும் திரும்பும். அவற்றைத் தேடி மக்கள் தாமே வருவார்கள்.