நிறைமாதமும் செக்ரோலும்

தேயிலைத் தோட்டத்து நிறைமாதக்காரி கடைசி நாள் வரைக்கும் ஏன் மலைக்குப் போனாள் என்று கேட்கிறவர்கள், துரை கொடுமை, கங்காணி அதட்டல் என்று பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். அதட்டல் இருந்ததுதான். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் மிட்வைப்பாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்து, அவளை மலையில் பிடித்துவைத்தது செக்ரோல் புத்தகம். யாருக்கு எந்த நாளில் பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழுந்தது, யாருக்கு அரைப்பேர் என்று கணக்கப்பிள்ளை குறித்துவைக்கிற அந்த நீளப் புத்தகம்.

என் அம்மாயி காலத்துச் சட்டம் 1912-ல் வந்தது. மருத்துவத் தேவைகள் சட்டம் என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்க இடமும் கொடு, அதுவரை வேலைக்குக் கூப்பிடாதே என்று தோட்டத்துரைக்கு அது சொன்னது. அதன் கரிசனமெல்லாம் பெற்ற பிறகுதான். வயிறு தள்ளிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அவ்வளவுதான். 1929-ல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். தோட்டம் கொடுக்கிற அரிசிக்கும் அதிலேதான் கழிப்பார்கள். அந்த 43 சதம் நின்றால் மாதக் கடைசியில் அரிசிக் கணக்கு இடிக்கும். "உள்ள இருக்கிறதுக்கு நான் திங்கிறது போதும். வெளியில இருக்கிற நாலுக்கு யாரு போடுவா?" என்பாள் அம்மாயி.

பிறகுதான் 1939-ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம் வந்தது. 1919-லேயே வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பேறுகாலப் பாதுகாப்புக்கென்று ஓர் உடன்படிக்கை போட்டிருந்தது. நமக்கு வந்து சேர இருபது வருடம். இந்தச் சட்டத்தில் காசு உண்டு. பிரசவத்துக்கு முந்தின நாட்களுக்கும் உண்டு. பெற்ற நாலு வாரத்துக்குள் அவளை வேலைக்கு வைப்பது குற்றம் என்றும் எழுதினார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் காசு வாங்க ஒரு நிபந்தனை: முந்தின ஒரு வருடத்துக்குள் அந்தத் தோட்டத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும்.

கொழும்பில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால் 150 நாள் சின்னக் கணக்கு. மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். மலையில் அப்படியில்லை. மசக்கையில் முதல் மூன்று மாதம் பாதி நாள் எழும்ப முடியாது. மூத்ததற்குக் காய்ச்சல் என்றால் ஒரு வாரம் போகும். வறட்சியில் கொழுந்து கருகிவிட்டால் தோட்டமே வேலையைக் குறைத்துவிடும். இத்தனைக்கும் பிறகு ஏழாம் மாதம் வந்து கணக்கப்பிள்ளையிடம், "ஐயா, என் பேரு எத்தனை இருக்கு, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பவளிடம் அவர் விரலை ஓட்டிப் பார்த்து "இன்னும் பதினெட்டு வேணும்" என்றால், அவள் எங்கே போவாள்? கூடையை எடுத்துக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துக்குத்தான். காப்பாற்ற வந்த சட்டமே கடைசி மாதத்தில் அவளை மலைக்கு அனுப்பிய கூத்தை நான் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சிலர் மாசமாக இருப்பதையே என்னிடம் மறைப்பார்கள். சித்திரை, வைகாசியில் கொழுந்து குமியும்போது கூடுதல் கிலோவுக்குக் கைக்காசு கிடைக்கும். டிஸ்பென்சரியில் பேர் பதிந்தால் புல்லு வெட்ட அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

வயிறு பெரிதானவள் கொழுந்தெடுப்பதை ஒரு நாளாவது நின்று பார்த்தால் போதும். இடுப்பில் கட்டுகிற படங்கை மேலே தூக்கி மார்புக்குக் கீழே கட்டிக்கொள்வாள். தேயிலை வாது வயிற்றைக் கீறாமல் இருக்க அதற்குள் பழைய கம்பளித் துண்டு ஒன்றை மடித்து வைப்பாள். கூடைக் கயிறு உச்சந்தலையில். முதுகில் பாரம், முன்னால் பாரம், நடுவில் ஈரமண். ஏறுவது பெரிதில்லை, இறங்கும்போதுதான் கால் வழுக்கும். நல்ல கங்காணியாக இருந்தால் றோட்டோரத்துக் கரை நிரையைக் கொடுப்பார். இல்லையென்றால் எல்லோருக்கும் விழுகிற நிரைதான். பக்கத்து நிரைக்காரி பேசாமல் இரண்டு கைப்பிடி அள்ளி இவள் கூடையில் போடுவாள். கங்காணி கண்டும் காணாத மாதிரி போவார். எந்தச் சட்டமும் சொல்லாத பேறுகால உதவி அது.

வலி எடுத்துவிட்டால் அங்கேயும் ஒரு முறை உண்டு. மலையே நின்றுவிடாது. வயதான ஒருத்தியும் காலுரமுள்ள இன்னொருத்தியும் கூடப் போவார்கள். அவர்கள் பேர் அரையாகுமா, முழுசா என்பது கங்காணி கையில். பெரும்பாலும் முழுப் பேர் போட்டுவிடுவார். அதில் மோசம் செய்தவரை அந்த லயத்து, அந்த வரிசை வீட்டுப் பொம்பிளைகள் வருடக்கணக்கில் மறக்க மாட்டார்கள். விட்டுப்போன கூடையை மற்றவர்கள் நிறுவைக்குத் தூக்கிப் போவார்கள். "அவ பேருல போடுங்க ஐயா" என்று சத்தமாகச் சொல்வார்கள், எல்லோர் காதிலும் விழட்டும் என்று. குறைகிற கிலோவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்புவார்கள். நடந்துகொண்டிருக்கும் அவளும் அதைத்தான் கேட்பாள். வலிக்கு நடுவில், "என் கொழுந்த நிறுத்தாங்களா?"

தோட்டத்தின் மேற்பகுதியான மேக்கணக்கிலிருந்து லயத்துக்கு இறங்கக் குறுக்குப் பாதையில் அரை மணி. அது வெறும் ஆளுக்கு. நடக்க முடியாவிட்டால் கம்பளியைக் கம்பில் கட்டி இரண்டு ஆண்கள் சுமப்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்புப் பக்கம் சாக்கை விரித்து, புருஷனையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பி, லயத்து மருத்துவிச்சி பார்ப்பாள். எங்களைப் போல் பயிற்சி பெற்றவர்கள் வந்த பிறகு டிஸ்பென்சரிக்குப் பக்கத்துப் பிள்ளைப்பேற்று அறை. சிக்கல் என்றால் ஆஸ்பத்திரி. அதற்கு வண்டி? கொழுந்து லொறிதான். பின்னால் கொழுந்துச் சாக்கைத் தள்ளி இடம் பண்ணிப் படுக்க வைப்போம். லொறி இஸ்டோரில், அதாவது தேயிலை ஃபேக்டரியில், கொழுந்தை இறக்கிவிட்டுத்தான் போகும் என்று ஒரு முறை டிரைவர் அடம்பிடித்தான். நான் வாயைத் திறந்தேன், இறக்காமலே போனான். பாதி வழியில் பிறந்த பிள்ளைகளை இந்தக் கையில் வாங்கியிருக்கிறேன். அதிலொன்று இப்போது ஹட்டனில் ஓட்டோ ஓட்டுகிறது, என்னிடம் காசு வாங்குவதில்லை.

1972-லும் 1975-லும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992-ல் நிர்வாகத்தைத் திரும்பக் கம்பெனிகளிடம் கொடுத்தது. செக்ரோல் மாறவில்லை. பெரிய மாற்றம் 1984-ல். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆனது. பேறுகாலக் காசும் நாட்சம்பளத்தை வைத்துத்தானே. விடுப்பும் பிறகு 84 நாளாகக் கூடியது, ஆனால் முதல் இரண்டு பிள்ளைக்கு மட்டும். மூன்றாவதற்கு 42. மூன்றாவது பிள்ளை பாதி வலியிலா பிறக்கிறது என்று கூட்டத்தில் ஒருமுறை கேட்டேன், சிரித்தார்கள். 2018-ல்தான் எல்லாப் பிள்ளைக்கும் 84 என்று ஆனது.

சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன என் சின்னம்மா மகள் கோத்தகிரியில் கொழுந்தெடுத்தாள். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலில் 160 நாள் வேண்டும், 1988-ல் அதை 80 ஆக்கினார்கள். "அங்க எம்பது போதும்க்கா" என்று அவள் எழுதியபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017-ல் திறந்தார்கள். றோட்டுக்கு மேலே ஏறி அம்புலன்ஸ் வராது, குறுக்குப் பாதை அப்படியேதான் கிடக்கிறது. அதைவிடப் பெரிய தலைவலி இன்னொன்று. கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்கு மட்டும் பறிக்க வருகிற இளம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அவர்கள் நாட்கள் செக்ரோலில் ஏறுவதில்லை. ஏறாத நாளை 150-இல் எப்படிக் காட்டுவது? என் இடத்துக்கு வந்த மிட்வைப் பிள்ளை போன மாதம் ஃபோன் பண்ணினாள். எட்டு மாதக்காரி ஒருத்தி கிளினிக்குக்கு வந்திருக்கிறாள், இரண்டு வருடமாக அதே மலையில் பறிக்கிறாள், புத்தகத்தில் பேரே இல்லை, என்ன செய்ய என்று கேட்டாள். நிறுவைச் சிட்டை இருந்தால் ஒன்று விடாமல் எடுத்துவைக்கச் சொல், தொழில் திணைக்களத்துக்கு நானே கூட வருகிறேன் என்றேன்.