நெல்சன் மண்டேலா

நெல்சன் ரோலிலாலா மண்டேலா (18.7.1918 – 5.12.2013) தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து 27 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குப் பின், 1994-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். குலப்பெயரைச் சொல்லி 'மடிபா' என்றே மக்கள் அவரை அழைத்தார்கள்.

டிரான்ஸ்கை பகுதியில், ம்பாஷே ஆற்றங்கரையில் உள்ள ம்வெசோ சிற்றூரில் தெம்பு அரச மரபின் கிளையொன்றில் பிறந்தார். தந்தை ஊர்த்தலைவர். ரோலிலாலா என்ற சோசா மொழிப் பெயருக்கு மரக்கிளையை இழுப்பவன் என்று பொருள். பேச்சு வழக்கில் வம்புக்காரன் என்றும் கொள்வார்கள். 'நெல்சன்' பள்ளிக்கூடம் கொடுத்த பெயர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டுவது அக்கால வழக்கம். அதன்படி முதல் நாளே ஆசிரியை அந்தப் பெயரை வைத்தார். தந்தை இறந்தபின் தெம்பு மக்களின் அரசப் பொறுப்பாளர் ஜொங்கின்டாபா அவரைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். அவர் கூட்டும் சபையில் எல்லோரும் பேசி முடித்த பிறகே தலைவர் வாய் திறப்பார். அந்தப் பழக்கத்தை மண்டேலா கடைசிவரை விடவில்லை.

ஃபோர்ட் ஹேர் கல்லூரியில் மாணவர் போராட்டத்தில் ஈடுபட்டதால் படிப்பு பாதியில் நின்றது. வீட்டில் பேசி முடித்த திருமணத்துக்கு உடன்படாமல் 1941-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு ஓடினார். தங்கச் சுரங்கத்தில் காவல் வேலை பார்த்தார். பிறகு வால்ட்டர் சிசுலுவின் உதவியால் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் ஆனார். 1944-இல் சிசுலு, ஆலிவர் டாம்போ முதலியோருடன் சேர்ந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் இளைஞர் அணியைத் தொடங்கினார்.

நிறப் பாகுபாடு 1948-இல் தொடங்கிவிடவில்லை. பெரும்பான்மையினரான கறுப்பர்கள் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது என்று 1913-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தது. 1936-இல் அந்தப் பங்கு 13 விழுக்காடாக உயர்ந்தது, அவ்வளவுதான். 1948-இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி இந்தப் பாகுபாட்டை ஓட்டையே இல்லாத அரசுமுறையாக்கியது. 1950-ஆம் ஆண்டுச் சட்டங்கள் பிறக்கும் ஒவ்வொருவரையும் இன்ன இனம் என்று பதிந்தன. இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்று வரையறுத்தன. கறுப்பர் ஒருவர் நகரத்துக்குள் நடமாடப் பாஸ் புத்தகம் வேண்டும். கையில் அது இல்லாவிட்டால் சிறை.

இளம் மண்டேலாவுக்கு இந்தியர்களோடும் கம்யூனிஸ்டுகளோடும் கூட்டுச் சேருவதில் ஐயம் இருந்தது. அதை மாற்றியவற்றுள் ஒன்று, நிலவுரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்து 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்திய அறப்போர். யூசுப் தாது, மாண்டி நாயக்கர் ஆகியோரின் தலைமையில் வணிகரும் தொழிலாளரும் பெண்களும் வரிசையாகச் சிறை சென்றதை அவர் கண்ணால் கண்டார். 1952 ஜூன் 26-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸும் இந்தியர்களின் காங்கிரஸும் சேர்ந்து தொடங்கிய சட்டமீறல் இயக்கத்தில் மண்டேலாவே தொண்டர் படைத் தலைவர். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அதே ஆண்டு அவரும் டாம்போவும் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்துக்கு எதிரே, இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான கட்டடத்தில் வழக்கறிஞர் அலுவலகம் திறந்தார்கள். பாஸ் இல்லாமல் பிடிபட்டவர்களும் குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்டவர்களும் காலையிலேயே படிக்கட்டில் காத்திருப்பார்கள்.

1956-இல் 156 பேர் மீது தேசத்துரோக வழக்கு போடப்பட்டது. ஐந்தாண்டு இழுத்தடித்து, கடைசியில் எல்லோரும் விடுதலையானார்கள். அதற்குள் நாடு வேறு பாதைக்குத் திரும்பியிருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது காவல்துறை சுட்டதில் 69 பேர் மாண்டனர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. 1961 டிசம்பர் 16-இல் 'உம்கொன்ட்டோ வி சிஸ்வே' என்ற ஆயுதப் பிரிவு வெளிப்பட்டது. அதன் முதல் தலைவர் மண்டேலா. உயிர்ச்சேதம் இல்லாமல் அரசின் கட்டமைப்புகளைத் தகர்ப்பதே அதன் தொடக்கத் திட்டம். மண்டேலாவைக் காந்திய வழியில் வந்தவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அவரைப் பாதி மறைப்பதாகும். அகிம்சையை அவர் மதித்தார். ஆனால் அவருக்கு அது போராட்ட முறைகளுள் ஒன்று. பலன் தராத இடத்தில் அதை மாற்றலாம் என்றே நினைத்தார்.

1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் இருந்தபோது ஹோவிக் அருகே பிடிபட்டார். ஐந்தாண்டுத் தண்டனை. மறு ஆண்டு ரிவோனியா பண்ணையில் தோழர்கள் சிக்க, சிறையிலிருந்த அவரும் அவர்கள் மீதான வழக்கில் சேர்க்கப்பட்டார். 1964 ஏப்ரல் 20 அன்று குற்றவாளிக் கூண்டிலிருந்து மணிக்கணக்கில் பேசினார். வெள்ளையர் ஆதிக்கத்தையும் கறுப்பர் ஆதிக்கத்தையும் ஒருசேர மறுத்தார்; சமத்துவத்துக்காகச் சாகவும் தயார் என்று கூறி முடித்தார். ஜூன் 12-இல் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களுள் டெனிஸ் கோல்ட்பர்க் வெள்ளையர் என்பதால் அவரைப் பிரிட்டோரியாவிலேயே வைத்துக்கொண்டு, மற்ற ஏழு பேரை ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். தண்டனையிலும் நிறம் பார்த்த அரசு அது.

தீவில் இந்த நிறப் பாகுபாடு இன்னும் நுணுக்கமாக நடந்தது. அந்த ஏழு பேருள் அகமது கத்ராதா இந்தியர். அவருக்கு முழுக்கால் சட்டையும் ரொட்டியும் உண்டு. கறுப்பர்களுக்கு அரைக்கால் சட்டை, ரொட்டி கிடையாது. வளர்ந்த ஆண்களையும் 'பையன்கள்' என்று நடத்தும் அந்நாட்டு வழக்கத்தின் சிறைச் சீருடை அது. மண்டேலா முதல் நாளிலிருந்தே இதை எதிர்த்து மனுக் கொடுத்தார். ஒரு நாள் அவர் அறையில் மட்டும் ஒரு முழுக்கால் சட்டை கிடந்தது. மற்றவர்களுக்கும் வந்ததா என்று விசாரித்தார். வரவில்லை. எல்லோருக்கும் கொடுங்கள் என்று அவர் வற்புறுத்த, அதிகாரி அதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் முழுக்கால் சட்டை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. மண்டேலாவின் அரசியலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சி போதும் என்பேன்.

கைதி எண் 466/64. மூன்று எட்டில் முடிந்துவிடும் அறை, பாய், வாளி. சுண்ணாம்புக்கல் குவாரியின் வெயில் கூச்சத்தில் கண் கெட்டது. தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. 1968-இல் தாய் இறந்தார். 1969-இல் மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்தார். இரண்டு சாவுக்கும் அவரை அனுப்பவில்லை. ஆயினும் கைதிகள் அத்தீவைப் பாடசாலை ஆக்கினார்கள்; குவாரியில் கல் உடைத்தபடியே வரலாறும் சட்டமும் கற்பித்தார்கள். காவலர்களின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழியை மண்டேலா விரும்பிப் படித்தார். நாளை யாரோடு பேசவேண்டி வரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தமிழ் வழிவந்தோரும் அச்சிறையில் இருந்தார்கள். காந்தியுடன் டிரான்ஸ்வாலில் சிறை புகுந்த தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடு பத்தாண்டு அங்கே கழித்தார்.

1982-இல் மண்டேலா பால்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்டார். வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுவிக்கிறோம் என்றார் அதிபர் பி. டபிள்யூ. போத்தா. 1985 பிப்ரவரியில் சொவெட்டோ மைதானத்தில் மகள் ஜின்ட்சி மறுப்பைப் படித்தார்: மக்கள் விடுதலையாகாமல் தமக்கு மட்டும் விடுதலை வேண்டாம். அந்தக் கால் சட்டையின் கதைதான் மீண்டும்.

அதே ஆண்டு இறுதியில், தோழர்களைக் கேட்காமலே அரசுடன் பேச்சைத் தொடங்கினார். கேட்டிருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்த டாம்போவே கவலைப்பட்டார். மண்டேலா எடுத்த முடிவுகளில் மிகத் துணிவானது இதுவே. தமக்கென்று எதையும் கேட்டு வாங்காதவர் என்ற நம்பிக்கை இல்லையென்றால் தோழர்கள் அதைப் பொறுத்திருக்க மாட்டார்கள்.

உள்நாட்டுக் கொந்தளிப்பும் பொருளாதாரத் தடையும் அரசை நெருக்கின. 1990 பிப்ரவரி 2-இல் அதிபர் டி கிளார்க் காங்கிரஸ் உள்ளிட்ட இயக்கங்கள் மீதான தடைகளை நீக்கினார். 11-ஆம் தேதி மண்டேலா, கடைசியாக இருந்த விக்டர் வெர்ஸ்டர் சிறையிலிருந்து நடந்தே வெளியே வந்தார். அவ்வாண்டே இந்தியா அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. ஆனால் அடுத்த நான்காண்டுகளில் அரசியல் வன்முறைக்கு ஆயிரக்கணக்கானோர் பலியாயினர். 1993 ஏப்ரல் 10-இல் இளைஞர்களின் அன்புக்குரிய தலைவர் கிறிஸ் ஹானியை வெள்ளை இன வெறியர் ஒருவர் சுட்டுக் கொன்றார். நாடு தீப்பற்றும் நிலை. மண்டேலா தொலைக்காட்சியில் தோன்றி, கொலையாளியின் கார் எண்ணைக் குறித்துக் காட்டிக்கொடுத்தவரும் ஒரு வெள்ளைப் பெண்தான் என்பதை எடுத்துச் சொன்னார். அப்போது அவர் எந்த அரசுப் பதவியிலும் இல்லை; ஆனால் நாட்டை அமைதிப்படுத்தும் பொறுப்பு அன்றே அவர் கைக்கு வந்துவிட்டது. அவ்வாண்டு நோபல் அமைதிப் பரிசை டி கிளார்க்குடன் பகிர்ந்துகொண்டார்.

1994 ஏப்ரல் 27-இல், 75 வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக வாக்களித்தார். காங்கிரஸ் 400 இடங்களில் 252-ஐப் பிடித்தது. மே 10-இல் பதவியேற்றவர், டி கிளார்க்கைத் துணைத் தலைவர்களுள் ஒருவராக்கினார். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் வந்தது. டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தது. புதிய அரசியலமைப்பில் 1996 டிசம்பர் 10 அன்று ஷார்ப்வில்லில் வைத்துக் கையெழுத்திட்டார்.

குறைகளும் உண்டு. ஐந்தாண்டில் 30 விழுக்காடு விளைநிலத்தை மறுபங்கீடு செய்யும் இலக்கு எட்டப்படவே இல்லை. வாக்கு கைமாறியது, சொத்து பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தது. எய்ட்ஸ் பரவியபோது ஆட்சி மெத்தனமாக இருந்தது. பின்னாளில் அதை அவரே உணர்ந்து அந்நோய்க்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். 2005-இல் மகன் மக்காதோ இறந்தபோது, காரணம் எய்ட்ஸ் என்று மறைக்காமல் அறிவித்தார்.

இரண்டாம் முறை போட்டியிடாமல் 1999-இல் பதவி விலகினார். 2013 டிசம்பர் 5-இல் ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார். சிறுவயதில் மாடு மேய்த்த கூனு கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் திருத்தி வெளியிட்ட விதிகளுக்கு 'நெல்சன் மண்டேலா விதிகள்' என்று பெயர். தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் யாரையும் தனிமைச் சிறையில் வைக்க அவை தடை விதிக்கின்றன. கைதிக்குத் தரும் உடை எவ்வகையிலும் அவரை இழிவுபடுத்தக் கூடாது என்கிறது அதன் 19-ஆம் விதி.