விட்டு விட்டு மிதித்த பிரேக்

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. லாக் ஆன சக்கரம் ஈரத் தார்ச்சாலையில் சறுக்கிக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி போன திசையிலேயே போகும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநர்களுக்கு நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். நல்ல பாடம்தான், ஆனால் மோதப்போகும் நொடியில் அது எல்லோருக்கும் கால்வசப்படுவதில்லை.

அந்தப் பொறுப்பைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சி விமானத்தில்தான் முதலில் பலித்தது. 1950-களில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மாக்ஸரெட் என்ற கருவியை விமானச் சக்கரங்களில் பொருத்தியது. சக்கரம் சட்டென்று வேகம் இழந்தால், அதனுடன் சுழலும் ஃபிளைவீல் மட்டும் பழைய வேகத்தில் முந்திக்கொண்டு ஒரு வால்வைத் திறக்கும். பிரேக்கின் பிடி தளரும். மின்னணுச் சுற்று எதுவும் அதில் கிடையாது.

1958-ல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடம் மாக்ஸரெட்டை ராயல் என்ஃபீல்டின் சூப்பர் மீட்டியார் மோட்டார் சைக்கிளில் மாட்டிச் சோதித்தது. நல்ல பலன் தெரிந்தும் அது விற்பனைக்கு வரவில்லை. அதே காலத்தில் சென்னையில் ராயல் என்ஃபீல்டின் புல்லட் தயாராகிக்கொண்டிருந்தது. இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு, சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2018, 2019 ஆண்டுகளில்தான். அறுபது ஆண்டு இடைவெளிக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

காரில் மாக்ஸரெட் 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் வழியாக வந்தது. மொத்தமே 320 கார்கள்தான் செய்யப்பட்டன. அமெரிக்காவிலும் சில விலையுயர்ந்த மாடல்களில் முயன்றார்கள். ஜெர்மனியில் முதலில் உருவான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஏறத்தாழ ஆயிரம் உதிரிகள். சாலையின் அதிர்வையும் வெப்பத்தையும் அது தாங்கவில்லை. டிஜிட்டல் சில்லுகள் வந்ததும் எண்ணிக்கை 140 அளவுக்கு இறங்கியது. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது.

இனி விபத்து குறையும் என்றுதான் பலரும் கணக்குப் போட்டார்கள். 1980-களில் மியூனிக் நகரில் ஒரு டாக்சி நிறுவனத்தின் கார்களில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பொருத்தி, மற்றவற்றை அப்படியே விட்டுச் சில ஆண்டுகள் கவனித்தார்கள். விபத்து எண்ணிக்கையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பயணிகளைப் போல ஏறி உட்கார்ந்த பார்வையாளர்கள் காரணத்தைக் கண்டார்கள்: ஏபிஎஸ் உள்ள டாக்சிகள் வளைவில் வேகமாகத் திரும்பின, முன்வண்டியை நெருங்கி ஓடின. கூடுதலாகக் கிடைத்த பாதுகாப்பை ஓட்டுநர்கள் வேகமாக மாற்றிக்கொண்டார்கள். கனடா உளவியலாளர் ஜெரால்டு வைல்டு, மனிதர் தமக்குப் பழகிய அளவு ஆபத்தை விட்டு இறங்குவதில்லை என்ற தம் கருத்துக்கு இதைச் சான்றாக்கினார். அந்தக் கருத்தை முழுதாக ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும் 1990-களின் அமெரிக்க ஆய்வுகளிலும் இதே போன்ற சிக்கல் தெரிந்தது: ஈரச் சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதுவது குறைந்தது, தனி வண்டி சாலையை விட்டு விலகும் விபத்து கூடியது.

பழைய பாடமும் இடைஞ்சல் செய்தது. ஏபிஎஸ் உள்ள காரில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெடல் காலடியில் துடித்ததும் பயந்து காலை எடுத்தவர்கள் உண்டு. போதிய பலத்தோடு மிதிக்காதவர்களுக்காக 1996-ல் மெர்சிடிஸ் 'பிரேக் அசிஸ்ட்' கொண்டுவந்தது.

ஏபிஎஸ்ஸின் பெரிய பயன் அதன் சக்கரவேக உணரிகளால் விளைந்தது. அவற்றோடு வண்டி பக்கவாட்டில் திரும்பும் வேகத்தை அளக்கும் உணரியையும் சேர்த்து, தேவைப்படும் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் இஎஸ்பி 1995-ல் வந்தது. அது பணக்காரர் காரின் அணிகலனாகவே நின்றிருக்கும். ஆனால் 1997 அக்டோபரில் ஸ்வீடனின் 'டெக்னிக்கன்ஸ் வார்ல்டு' இதழ், சாலையில் குறுக்கிடும் கடமானைத் தவிர்ப்பதுபோல் வளைத்து ஓட்டிய சோதனையில் புதிய மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, அந்தச் சிறிய காரின் எல்லா வண்டிகளிலும் இஎஸ்பியைப் பொருத்தியது. அமெரிக்காவில் 2012 மாடல் கார்கள் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இறுதி முதலும் எல்லாப் புதிய கார்களுக்கும் இந்த நிலைப்படுத்தும் அமைப்பு கட்டாயமானது.