கட்சிச் சின்னமும் கள்ளச் சின்னமும்

1945-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாவில் போர் ஓய்ந்தபோது, ஹிட்லரின் கட்சியில் ஏறத்தாழ 85 லட்சம் பேர் உறுப்பினராயிருந்தனர். கோட்டின் மார்பு மடிப்பில் அணிந்துகொள்ள அவர்களுக்கு ஒரு சிறு வட்டச் சின்னம் இருந்தது. நேச நாட்டுப் படைகள் ஊருக்குள் நுழைந்ததும் அச்சின்னம் ஆபத்தான பொருளாகிவிட்டது. ஆற்றில் எறிந்தவர் பலர். தோட்டத்தில் புதைத்தவர் பலர். எஞ்சியவற்றைச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாகத் தத்தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் அவற்றைச் சேகரிப்போர் தோன்றினர், விலை ஏறிற்று, போலி செய்வோரும் உடன் தோன்றினர்.

வாங்கியவன் பணத்தை இழப்பது சிறு கேடேயாகும். பெரிய கேடு வேறு. கட்சிச் சின்னம் ஒரு மனிதனைச் சுட்டும் சாட்சி. இன்னாரது பெட்டியில் கிடைத்தது என்ற கதையோடு ஒரு போலி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிட்டால், இறந்துபோன ஒருவர்மேல் செய்யாத பழி ஏறும். அன்றி உண்மையான குற்றவாளியின் வரலாறு குழம்பும். ஆகவே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டும்.

சாதாரணச் சின்னத்தின் அமைப்பு எளியது. நடுவே வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சுவஸ்திகம். சுற்றிலும் சிவப்பு வளையம். அதில் கட்சியின் பெயர். (நம் இல்லங்களில் மங்கலக் குறியாக இடப்படும் வடிவத்தை ஒத்ததேயாயினும், ஜெர்மானியர் அதற்கு வழங்கிய பெயர் 'கொக்கிச் சிலுவை' என்பதாம்.) நல்ல காலத்தில் செய்யப்பட்டவை செம்பு கலந்த உலோகத் தகட்டை எஃகு அச்சில் அழுத்தி உருவாக்கி, பள்ளங்களில் கண்ணாடிப் பொடியை இட்டு உலையில் உருக்கி, மெருகேற்றியவை. இப்பூச்சை எனாமல் என்பர். அச்சில் அழுத்திய சின்னத்தில் எழுத்துகளின் விளிம்பு கத்தி போல் கூர்மையாயிருக்கும். போலி செய்வோன் பெரும்பாலும் ஓர் அசலை வைத்து அச்சுப் பதித்து, அதில் உலோகத்தை உருக்கி வார்க்கிறான். உலோகம் குளிரும்போது சுருங்குமாதலால், வார்த்த பொருள் அசலைவிட மயிரிழை அளவு சிறுத்துப்போகும். விளிம்புகள் மழுங்கும், பூதக்கண்ணாடியில் நுண்ணிய குழிகள் தென்படும். அளவு காட்டும் கருவி ஒன்றும் நல்ல கண்ணாடி ஒன்றும் இருந்தால் பல போலிகள் இங்கேயே அகப்பட்டுக்கொள்ளும்.

எனாமலும் பேசும். அதை உருக்க ஏறக்குறைய 800 பாகை வெப்பம் வேண்டும். செம்பு 1,085 பாகையில்தான் உருகும்; துத்தநாகமோ 420 பாகையிலேயே உருகிவிடும். போர் நீண்டு செம்பு தட்டுப்பட்டபோது துத்தநாகத்தாலும் சின்னங்கள் செய்தனர். அவற்றுக்குக் கண்ணாடி எனாமல் பூச வழியில்லை, வர்ணமே பூசினர். ஆகவே துத்தநாகத்தின்மேல் உலையில் சுட்ட எனாமல் என்று எவரேனும் சொன்னால், அவர் உலோகத்தின் இயல்பையே மறுக்கிறார் என்க. அசல் எனாமல் தொட்டால் குளிரும்; பழுத்த ஊசிக்கு இளகாது. பிளாஸ்டிக் பூச்சு இளகிவிடும்.

தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கோட்டில் உரசிய சின்னம் மேட்டிலே தேய்ந்து, பள்ளத்திலே அழுக்கேறியிருக்கும். அமிலத்தில் தோய்த்து முதுமை ஏற்றிய போலி மேட்டிலும் பள்ளத்திலும் ஒருபடியாகக் கறுத்திருக்கும்.

பின்புறக் குறிகளுக்கு வருவோம். கட்சிக்குப் பொருள் செய்து தரும் தொழிற்சாலைகளைக் கண்காணிக்க மியூனிக் நகரில் 'ஆர்.இஸட்.எம்.' என்னும் அலுவலகம் இருந்தது. 1930-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஓர் எண் அளிக்கப்பட்டது; 'எம்.1/52' என்றிருந்தால் மியூனிக்கின் டெஷ்லர் நிறுவனம் செய்தது என்று பொருள். 1920-களில் அணிந்தது என்று சொல்லப்படும் சின்னத்தில் இக்குறி காணப்படின் அக்கதை நில்லாது. ஆனால் குறி சரியாயிருப்பது மட்டும் போதாது. குறியையும் சேர்த்தே வார்க்கிறார்கள். போர்க்காலத்து அச்சுகள் சில பிற்காலத்தில் மீண்டும் பயன்பட்டதும் உண்டு. அங்கே அச்சு அசல், சின்னம் புதிது!

மிகுதியாகப் போலி செய்யப்படுவது பொற்சின்னம். 1933 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்ட இது, 1925 பிப்ரவரி 27-இல் கட்சி மறுபடி தொடங்கப்பட்டது முதல் இடைவிடாமல் உறுப்பினராயிருந்த, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட எண்ணுடையோர்க்கு உரியது. பெற்றவர் சுமார் 22,000 பேர். சுற்றிலும் பொன் முலாம் பூசிய இலைமாலை. பின்புறத்தில் உறுப்பினர் எண். இவ்வெண்ணே ஆராய்ச்சியாளனுக்குத் திறவுகோல்.

அது திறவுகோலானது ஒரு காகித ஆலைக்காரரால். 1945 ஏப்ரலில் கட்சியின் உறுப்பினர் அட்டைகளை, ஒரு கோடிக்கு மேற்பட்டவற்றை, லாரிகளில் ஏற்றி மியூனிக் அருகே ஃப்ரைமானில் இருந்த ஆலைக்கு அனுப்பி, கூழாக்கும்படி உத்தரவிட்டனர். ஆலைக்குப் பொறுப்பாயிருந்த ஹான்ஸ் ஹூபர் கூழாக்கவில்லை. மற்றக் கழிவுக் காகிதங்களுக்கு அடியில் மறைத்து வைத்தார். அமெரிக்கர் அவற்றைக் கைக்கொண்டு பெர்லினில் ஓர் ஆவண நிலையத்தில் வைத்திருந்தனர்; 1994-இல் அவை ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அன்று அவை கூழாகியிருந்தால் எண்கள் வெறும் எண்களாகவே நின்றிருக்கும்.

போலி செய்வோனும் இதை அறிவான். உண்மையாக வாழ்ந்த ஒருவரது எண்ணையே தேர்ந்து பொறிப்பான். அப்போது அட்டை, அப்படி ஒருவர் இருந்தார் என்று மட்டுமே சொல்லும். இச்சின்னம் அவருடையதா என்பதை மீண்டும் உலோகமே சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து விசாரியாதவர் ஏமாறுகிறார்.

எண் வரம்புக்கும் விலக்கு உண்டு. கட்சியில் முன்பு சேராத அமைச்சர்களுக்கு 1937 ஜனவரி 30-இல் ஹிட்லர் பொற்சின்னத்தைத் தாமே வழங்கினார். அவர்களது உறுப்பினர் எண்கள் ஒரு லட்சத்தைப் பன்மடங்கு தாண்டியவை. அன்று அதை வாங்க மறுத்தவர் ஒருவர் இருந்தார். தபால், போக்குவரத்து அமைச்சரான பால் ஃபான் எல்ட்ஸ்-ரூபெனாக் என்னும் கத்தோலிக்கர், திருச்சபைக்கு எதிராகக் கட்சி நடந்துகொள்வதைக் காரணங்காட்டி மறுத்துப் பதவியையும் விட்டார். அவர் அணிந்த பொற்சின்னம் என்று ஒன்று சந்தைக்கு வருமானால், அதற்குப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை.