சவன்னா பனானாஸ்: ரீல்ஸில் கலக்கும் மஞ்சள் டீம், காலேஜ் லீக்கை விட்டு வெளியேறியது ஏன்?

பொய்க்கால் கட்டிக்கொண்டு பேட் பிடிக்கும் வீரர். பந்து வீசும் முன் மொத்த டீமும் சேர்ந்து போடும் குத்தாட்டம். மஞ்சள் கோட்டு, மஞ்சள் தொப்பியில் மைதானம் முழுக்க ஓடித் திரியும் ஓனர். பேஸ்பால் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இந்த வீடியோக்களை ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் சவன்னா பனானாஸ் அணிதான் அது.

இப்போது முழுநேரத் தொழில்முறை டீமாக இருக்கும் இந்த அணி, 2016 முதல் 2022 வரை காலேஜ் பசங்க லீவில் ஆடுகிற ஒரு கோடைக்கால அணி. கோப்பையை ஜெயித்த கையோடு அந்த லீக்கை விட்டே வெளியே வந்தது. ஏன்?

அது என்ன கோடைக்கால காலேஜ் லீக்?

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் சீசன் கோடையின் தொடக்கத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மே கடைசியில் இருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை மாணவர்கள் வேறு ஊர்களுக்குப் போய், அங்குள்ள அணிகளுக்காக ஆடுவார்கள். அணி தரும் சம்பளம்? ஒரு பைசா கிடையாது. சம்பளம் வாங்கினால் 'அமெச்சூர்' தகுதி போய்விடும், கல்லூரி அணியில் ஆட முடியாது. அதனால் பல ஊர்களில் உள்ளூர் குடும்பங்களே இந்தப் பசங்களை வீட்டில் தங்க வைத்து சாப்பாடு போடுகிறார்கள். ராத்திரி மேட்ச், விடிய விடிய பஸ் பயணம், மறுநாள் அடுத்த ஊரில் மேட்ச் என்று ரெண்டு மாதம் ஓடும்.

காசு இல்லாமல் எதற்கு இவ்வளவு பாடு? பதில் பேட்டில் இருக்கிறது. கல்லூரிப் போட்டிகளில் உலோக பேட் புழங்குகிறது. மேஜர் லீக்கிலோ மர பேட் மட்டும்தான். உலோக பேட்டில் கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் பந்து பறக்கும். மர பேட்டில் அதே அடி கையை அதிர வைக்கும், பேட்டே உடையலாம். எனவே மர பேட்டில் ஆடும் கோடை லீக்கில்தான் ஒரு பையனின் உண்மையான தரம் தெரியும் என்பது மேஜர் லீக் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்களின் கணக்கு.

இதில் மவுசு அதிகம் உள்ளது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் லீக். 10 அணிகள், 1985-ல் இருந்து மர பேட். 1994-ல் தொடங்கிய நார்த்வுட்ஸ் லீக்கில் ஒரு அணிக்கு 72 மேட்ச், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். பனானாஸ் ஆடியது 1997-ல் தொடங்கிய கோஸ்டல் ப்ளெயின் லீக்கில். வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா, ஜார்ஜியா பக்கத்துச் சின்ன ஊர்களின் அணிகள் மோதும் களம் இது. பின்னாளில் மேஜர் லீக்கின் பெரும் பிட்சராக உயர்ந்த ஜஸ்டின் வெர்லாண்டர் கல்லூரி நாட்களில் ஆடிய லீக்கும் இதுவே.

டீம் போன ஊருக்கு வந்த டீம்

ஜார்ஜியாவின் துறைமுக நகரம் சவன்னா. அங்குள்ள கிரேசன் ஸ்டேடியம் 1926-ல் கட்டப்பட்டது. சுமார் 4,000 பேர்தான் உட்கார முடியும். அங்கே ஆடிவந்த சாண்ட் நாட்ஸ் என்ற மைனர் லீக் அணி, புது ஸ்டேடியம் கிடைக்காததால் 2015 சீசனோடு தென் கரோலினாவின் கொலம்பியாவுக்குக் கிளம்பிவிட்டது.

காலியாகக் கிடந்த ஸ்டேடியத்தைப் பிடித்தவர்கள் ஜெஸ்ஸி கோல், எமிலி கோல் தம்பதி. தொடக்கம் படு மோசம். ஆரம்ப மாதங்களில் விற்றது விரல்விட்டு எண்ணக்கூடிய டிக்கெட்தான். கணக்கில் பணம் தீர்ந்து, சொந்த வீட்டை விற்று, காற்றடைத்த மெத்தையில் படுத்து எழுந்ததாக கோல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

திருப்பம் பெயரில் வந்தது. ரசிகர்களிடம் பெயர் கேட்டு நடத்திய போட்டியில் இருந்து 'பனானாஸ்' தேர்வானதும் ஊரே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் டிக்கெட்டும் வாங்கினார்கள். டிக்கெட் விலையிலேயே பர்கர், ஹாட் டாக், குளிர்பானம் எல்லாம் அடக்கம். முதல் சீசனிலேயே லீக்கின் பெட்டிட் கோப்பையும் கைக்கு வந்தது. 2021, 2022 என மேலும் ரெண்டு முறை சாம்பியன். 'டான்ஸ் ஆடத்தான் தெரியும்' என்று கிண்டலடித்தவர்களுக்கு இது போதுமான பதில்.

'பனானா பால்' எப்படி வேறு?

பேஸ்பால் ரொம்ப நேரம் இழுக்கிறது, பாதியிலேயே ஆட்கள் எழுந்து போகிறார்கள் என்பது கோலின் கவலை. அதற்காக அவர் உருவாக்கியதுதான் 'பனானா பால்'. மேட்ச் ரெண்டு மணி நேரத்தில் முடிந்தாக வேண்டும். மொத்த ரன் பார்ப்பதில்லை, ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அதிக ரன் எடுத்த அணிக்கு ஒரு புள்ளி. பேட்டை வெறுமனே நீட்டி பந்தைத் தட்டிவிடும் 'பன்ட்' அடித்தால் மைதானத்தை விட்டே வெளியேற்றம். எல்லாவற்றிலும் சூப்பர் விதி இதுதான்: ஃபவுல் ஆன பந்தை கேலரியில் இருக்கும் ரசிகர் கேட்ச் பிடித்தால் பேட்டர் அவுட்! கிரிக்கெட்டில் நாம் கேலரியில் பிடித்தால் டிவியில் முகம் தெரியும், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், இந்த விதிகளை கோஸ்டல் ப்ளெயின் லீக் மேட்சில் பயன்படுத்த முடியாது. அங்கே வழக்கமான பேஸ்பால்தான். அதனால் கோடையில் காலேஜ் பசங்களை வைத்து லீக் அணி, மற்ற மாதங்களில் சம்பள வீரர்களை வைத்து ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் என ஒரே பெயரில் ரெட்டைக் குதிரை சவாரி நடந்தது. 2022 ஆகஸ்ட்டில், மூன்றாவது கோப்பையை வென்ற கொஞ்ச நாளிலேயே, லீக்கில் இருந்து விலகுவதாகவும் இனி முழுநேரமும் பனானா பால்தான் என்றும் அணி அறிவித்தது.

மாணவர்களுக்கு என்ன நஷ்டம்?

வியாபாரமாகப் பார்த்தால் முடிவு பக்கா. 2025 ஏப்ரலில் தென் கரோலினாவின் கிளெம்சன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் இவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 81,000 பேர். சொந்த ஊர் ஸ்டேடியத்தை இருபது முறை நிரப்பும் கூட்டம்!

ஆனால் இந்த அணியில் கோடைக்கு ஆடி ஸ்கவுட் கண்ணில் படலாம் என்று காத்திருந்த காலேஜ் பையனுக்கு, அந்த இடம் இல்லாமல் போனது. நேரமும் சரியில்லை. 2019 வரை 40 சுற்று நடந்த மேஜர் லீக் டிராஃப்ட், 2021-ல் 20 சுற்றாகச் சுருங்கியது. மேஜர் லீக்கோடு இணைந்த மைனர் லீக் அணிகளும் அதே ஆண்டு சுமார் 160-ல் இருந்து 120 ஆகக் குறைக்கப்பட்டன. ஏணியில் படிகள் குறைந்தால், மிச்சமுள்ள ஒவ்வொரு கோடை மேட்சுக்கும் போட்டி கூடத்தானே செய்யும்? அப்பலாச்சியன் லீக் போன்ற பழைய மைனர் லீக்கே 2021 முதல் காலேஜ் கோடை லீக்காக மாற்றப்பட்டது. மாணவர்களுக்கு அது ஒரு மாற்று வழி. அதே சமயம், முன்பு சம்பளத்துக்கு ஆடிய லீக்கில் இப்போது சம்பளம் இல்லாமல் ஆடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பனானாஸ் தரப்போ வேறு திசையில் வேகமெடுத்துவிட்டது. 2026-க்கு ஆறு அணிகளோடு பனானா பாலுக்கென்றே தனி லீக் அறிவிக்கப்பட்டது. அதில் ஒன்றின் பெயர் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ். ஹோம் ரன் ஜாம்பவான் ஹாங்க் ஆரோன் 1952-ல் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கிய கறுப்பின வீரர்களின் அணியின் பெயர் அது. கோஸ்டல் ப்ளெயின் லீக்கிலும் மே கடைசியானால் வழக்கம்போல மர பேட்டோடு காலேஜ் பசங்க வந்து இறங்குகிறார்கள், சவன்னாவில் மட்டும் அவர்களுக்கு டீம் இல்லை.