கால்நடை மருத்துவர் ஒழுக்க விசாரணை: பிரதிவாதம்

கால்நடை மருத்துவர் ஒருவரது தொழிலொழுக்கத்தின்மீது முறையீடு எழுந்து, பதிவே பறிபோகக்கூடும் என்ற நிலையில், விசாரிக்கும் மன்றத்தின் முன் அவர் வைக்கும் சமாதானமும் சாட்சியமும் சட்ட வாதமும் சேர்ந்தது பிரதிவாதம் ஆகும். இது குற்றவியல் வழக்குமன்று, நஷ்டஈட்டு வழக்குமன்று. நிர்வாகச் சட்டத்தின் பாற்பட்டது.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டம் (147-ஆம் சட்டம்), பதிவு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய இரண்டையும் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் ஒப்படைக்கிறது. ஆதலின் மலாக்கா மாநிலத்துப் பத்து பெரண்டாமில் தொழில் புரிபவரும் தலைநகரத்தவரும் ஒரே அதிகாரத்திற்குக் கட்டுப்பட்டவர்களே. மன்றத்தின் முடிவு நியாயத்திற்கு முரணாயின் உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

பிரதிவாதத்தின் உயிர்நிலை, குற்றச்சாட்டை முழுமையாக அறியும் உரிமையாகும். சுரிந்தர் சிங் கண்டா என்னும் போலீஸ் இன்ஸ்பெக்டரைப் பதவி நீக்கிய விசாரணையில், விசாரணை அதிகாரியின் கையிலிருந்த பாதகமான அறிக்கை அவருக்குக் காட்டப்படாமையால், அந்நீக்கம் செல்லாதென, அன்று மலாயாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1962-இல் தீர்ப்பளித்தது. போலீஸ் துறையில் எழுந்த இத்தீர்ப்பு, பின்னர் பிற தொழில் விசாரணைகளுக்கும் அரணாயிற்று.

சிகிச்சைக் குறிப்பு, உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதம், 1952-ஆம் ஆண்டு விஷப்பொருள் சட்டத்திற்கு இசைந்த மருந்துப் பதிவேடு, சக மருத்துவரின் நிபுணச் சாட்சியம் ஆகியவை முக்கிய ஆதாரங்கள். நல்லெண்ணத்தோடு நேர்ந்த தீர்மானப் பிழையையும் அலட்சியத்தையும் பிரித்துக் காட்டுவதே இதில் கடினமான பகுதி. தோட்டப்புறத்தில் நள்ளிரவில் கன்று ஈனமாட்டாது தவிக்கும் பசுவுக்கு மருத்துவம் செய்பவர், சம்மதத்தை வாய்மொழியாகவே பெற நேருமாதலால், மறுநாளேனும் அதனை எழுதி வைத்தல் இன்றியமையாதது.

பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி, ஒழுங்கு நடவடிக்கையின் மீதான மேல்முறையீடு பிரிவி கவுன்சிலுக்கே செல்கிறது.